அந்த எடையை எது தாங்குகிறது?

தூத்துக்குடிக் கடற்கரைப் பள்ளிகளில் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

வேம்பார் தொடங்கி தருவைகுளம், திரேஸ்புரம், புன்னக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு வரை கடலைப் பார்த்தபடி நிற்கும் பள்ளிகளில் படிக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் இயற்பியல் சொல்லித் தருபவன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாய்மங்கள் என்ற பாடம் வருகிறது. மிதப்பு விசை, ஆர்க்கிமிடீஸ் தத்துவம், மிதத்தல் விதிகள் எல்லாம் அதில் அடக்கம். விதியைக் கேட்டால் பிழையில்லாமல் எழுதிவிடுவீர்கள். எண்கள் கொடுத்தால் சமன்பாட்டில் போட்டு விடையும் எடுத்துவிடுவீர்கள். எண்ணே இல்லாத கேள்வி வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

அப்படிப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு தொட்டியில் படகு மிதக்கிறது. படகுக்குள் ஒரு கல். அந்தக் கல்லைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் போடுகிறோம், அது அடியில் போய்க் கிடக்கிறது. தொட்டியின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?

பல நாடுகளின் வகுப்பறைகளில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கல் தண்ணீருக்குள் போகிறதே, மட்டம் ஏறத்தானே வேண்டும் என்பது சட்டென்று தோன்றும் பதில். கல் முன்பும் தொட்டிக்குள்தான் இருந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஆகவே மாறாது என்பது கொஞ்சம் யோசித்தவர் சொல்லும் பதில். இரண்டும் தவறு. நீர்மட்டம் இறங்கும்.

விடையை மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். கல்லுக்குப் பதில் மரக்கட்டை என்று கேள்வியை மாற்றினால் மனப்பாடம் கைவிட்டுவிடும். மிதக்கிற பொருளைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும், சமன்பாட்டைத் தேடும் முன்பு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அந்த எடையை எது தாங்குகிறது?

கல் படகில் இருக்கும்போது அதன் எடை முழுவதையும் தாங்குவது தண்ணீர். படகு வெறும் ஏலத் தரகர், இந்தக் கையில் வாங்கியதை அந்தக் கையில் கொடுத்துவிடுகிறது. தண்ணீர் ஓர் எடையைத் தாங்குவதற்கு ஒரே வழிதான் உண்டு. அந்த எடைக்குச் சமமான தண்ணீர் இடம்விட்டு விலக வேண்டும். கல் 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் இருப்பது கடல்நீர், லிட்டருக்கு 1.025 கிலோ. ஆகவே கல்லுக்காக விலகும் நீர் 12.7 லிட்டர்.

இப்போது கல் அடியில் கிடக்கிறது. கருங்கல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.6 கிலோ இருக்கும். 13 கிலோ கல்லின் பருமன் 5 லிட்டர். மூழ்கிய பொருள் தன் பருமனுக்கு மேல் ஒரு துளி நீரைக்கூட விலக்க முடியாது. எனவே விலகும் நீர் 5 லிட்டர், அதன் எடை 5.1 கிலோ. தண்ணீர் தாங்குவது அவ்வளவுதான். மீதி 7.9 கிலோவைத் தொட்டியின் தரை தாங்குகிறது. தரை தன் பங்கை ஏற்றுக்கொண்டதால் தண்ணீரின் சுமை குறைந்துவிட்டது. விலகிய நீர் 12.7 லிட்டரிலிருந்து 5 லிட்டராகிறது. 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியானால் மட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இறங்கும்.

எடையைக் கிலோவில் சொல்கிறேனே என்று உங்கள் ஆசிரியர்கள் கேட்கலாம். தேர்வுத் தாளில் நியூட்டனில்தான் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் 9.8ஆல் பெருக்கப்படுவதால் ஒப்பீடு மாறாது.

2 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது என்பவர்கள் வீட்டு வாளியில் செய்து பார்க்கலாம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளியில் பாதித் தண்ணீர், அதில் ஒரு சில்வர் கிண்ணம், கிண்ணத்தில் அரைக்கிலோ கருங்கல். மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டுக் கல்லை எடுத்து வாளிக்குள் போடுங்கள். 6 மில்லிமீட்டர் இறங்கியிருப்பதை நீங்களே அளக்கலாம்.

கேள்வியை இன்னும் ஒரு படி முறுக்குவோம். கல்லைக் கயிற்றில் கட்டி, படகிலிருந்து தண்ணீருக்குள் இறக்கி, தரையைத் தொடாமல் தொங்கவிடுகிறோம். இப்போது மட்டம் என்ன ஆகும்? கல் மூழ்கிவிட்டது, எனவே முன்போல் இறங்கும் என்றுதான் தோன்றும். நம் கேள்வியைக் கேளுங்கள். 5.1 கிலோவைத் தண்ணீர் நேராகத் தாங்குகிறது. 7.9 கிலோவைக் கயிறு தாங்குகிறது. கயிறு எதில் கட்டியிருக்கிறது? படகில். படகைத் தாங்குவது எது? தண்ணீர். ஆக, முழு 13 கிலோவும் இன்னும் தண்ணீரின் தலையில்தான் இருக்கிறது. படகு சற்று மேலே எழும், ஆனால் தொட்டியின் மட்டம் மாறாது. கல் தரையில் உட்கார்ந்து கயிறு தளர்கிற அந்த நேரத்தில்தான் மட்டம் இறங்கும்.

கயிறும் கல்லும் படகும் கணக்குக்காக நான் கட்டிய கதையல்ல. கொற்கை துறைமுகமாக இருந்த நாளிலிருந்து பேர்பெற்ற நம் முத்துக்குளிப்பு, பல நூற்றாண்டுகளாக இந்த மூன்றையும் வைத்தே நடந்தது. சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். பத்துப் பாகம் ஆழம்வரை உள்ள பார்களில் குளியாளிகள் இறங்கினார்கள். பாகம் என்பது ஏறத்தாழ ஆறடி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை நிரப்பிக்கொண்டு இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லிலிருந்து காலை எடுத்துவிடுவார். மேலே படகிலிருப்பவர் கல்லை உடனே இழுத்துக்கொள்வார். குளியாளி சிப்பிகளைத் திரட்டி வலைப்பையில் போட்டுவிட்டு, கயிற்றைச் சுண்டி அடையாளம் கொடுப்பார். மேலே இழுத்துவிடுவார்கள். எல்லாம் ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கல் எதற்கு? குளியாளி அடியில் நிற்பதற்கு என்றால், தொட்டதும் ஏன் இழுத்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்விக்குள் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. உத்தேச எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

குளியாளியின் எடை 60 கிலோ. நுரையீரல் காற்றை நீக்கிவிட்டு அவர் உடலின் பருமன் 56 லிட்டர், மூச்சை நிரப்பினால் உள்ளே 5 லிட்டர் காற்று. மொத்தம் 61 லிட்டர். கடலுக்குள் அவர் முழுக்க முங்கினால் விலகும் நீரின் எடை 62.5 கிலோ. அவர் எடையைவிட 2.5 கிலோ அதிகம். அதாவது கடல் அவரை மேலே தள்ளுகிறது. கையையும் காலையும் அடித்துத்தான் கீழே போக முடியும், அப்படி அடித்தால் மூச்சு செலவாகும்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. நுரையீரலில் இருக்கும் 5 லிட்டர் காற்று 2.5 லிட்டராகச் சுருங்குகிறது. பாயில் விதியைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உடலின் மொத்தப் பருமன் இப்போது 58.5 லிட்டர், விலகும் நீர் ஏறக்குறைய 60 கிலோ. கடல் அவரை மேலேயும் தள்ளவில்லை, கீழேயும் விடவில்லை. 20 மீட்டரில் காற்று 1.7 லிட்டருக்குக் கீழே போய்விடும். விலகும் நீர் 59 கிலோ சொச்சம். அங்கே அவர் தானாகவே அமிழ்வார்.

ஆகவே கல்லின் வேலை முதல் ஐந்தாறு பாகத்துக்குத்தான். கடல் மேலே தள்ளுகிற அந்தப் பகுதியை, ஒரு தசையையும் அசைக்காமல், மூச்சைச் செலவழிக்காமல் கடக்க வைப்பது அது. அடிக்குப் போனபின் குளியாளிக்குக் கல் தேவையில்லை. ஆனால் அவர் திரும்பி வருவதுதான் கடினம். மேல்நீரில் அவரை மேலே தள்ளிய கடல், அந்த ஆழத்தில் தள்ளுவதில்லை, கையில் சிப்பிப் பையும் கனக்கிறது. ஆகவே கயிறு பிடித்தவரின் கவனத்தில் குளியாளியின் உயிர் இருந்தது. நுரையீரல் காற்று சுருங்குவதைப் பற்றி எந்தப் புத்தகத்தையும் படிக்காமல், கல்லை எப்போது விடுவது, கயிற்றை எப்போது இழுப்பது என்று இவ்வளவு துல்லியமாக வகுத்துவைத்தவர்கள் நம் கரையின் மக்கள். அவர்களை வெறும் துணிச்சல்காரர்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. அது சோதித்துச் சோதித்துத் தேறிய அறிவு.

(கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. வாளியும் காகிதமும் போதும்.)

நம் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பின் 1973இல், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். வளர்ப்புச் சிப்பிகளைக் கூடுகளில் வைத்து, கடலில் மிதக்கும் தெப்பத்திலிருந்து தொங்கவிடுவார்கள். தெப்பம் தாங்க வேண்டியது கூடுகளின் முழு எடையையா? தொங்கும் கல்லைப் பார்த்துவிட்டீர்கள், இதற்கு விடை உங்களிடமே இருக்கிறது.

கட்டுமரமும் வள்ளமும் மிதப்பதில் ஒரு வேறுபாடு உண்டு, அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுமரத்தின் மரமே தண்ணீரைவிட லேசானது. அலை மேலேறிப் புரண்டாலும் அது அமிழாது. ஆனால் மரம் நீரைக் குடித்தால் கனத்துவிடும், ஆகவேதான் கரைசேர்ந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடும் வழக்கம். வள்ளம் மிதப்பது பெருமளவு அதன் குழிந்த வடிவத்தால். உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் விலகுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். இரும்புக் கப்பல் மிதப்பதும் வள்ளத்தின் வழியில்தான்.

இனி உப்பளத்துக்கு வாருங்கள். இந்தியாவில் உப்பு அதிகம் விளையும் இடங்களில் நம் மாவட்டமும் ஒன்று. உங்களில் பலர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ அளத்து வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். பாத்தியில் டிகிரி பார்ப்பது என்று அங்கே ஒரு வேலை உண்டு. கண்ணாடியால் ஆன நீண்ட கருவி, அடியில் கனம் வைத்த குமிழ், மேலே கோடுகள் போட்ட குழல். அதன் பெயர் ஹைட்ரோமீட்டர். உப்புத் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்க்கிறார்கள்.

கருவியின் எடை எப்போதும் ஒன்றுதான். அதைத் தாங்க விலக வேண்டிய நீரின் எடையும் ஆகவே ஒன்றுதான். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட, ஒரு லிட்டர் உப்புத் தண்ணீரின் எடை கூடுகிறது. அப்படியானால் குறைந்த லிட்டர் விலகினாலே போதும். கருவி மேலே எழுகிறது. அளத்தில் பார்க்கும் இந்த டிகிரிக்குப் போமே அளவு என்று பெயர். அதில் கடல்நீர் மூன்றரை டிகிரி, லிட்டருக்கு 1.025 கிலோ. 25 டிகிரியைத் தொடும்போது லிட்டருக்கு 1.21 கிலோ, சமையல் உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் மெக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர் ஆகிவிடும், அதை வடித்துவிட வேண்டும். எப்போது தண்ணீர் பாய்ச்சுவது, எப்போது வாருவது, எப்போது வடிப்பது என்று ஒரு பருவத்தின் வருமானம் முழுவதும் அந்தக் குழாயின் அமிழ்வில் நிற்கிறது. மிதத்தல் விதி ஐந்து மதிப்பெண் கேள்வி என்று யாராவது சொன்னால், அளத்தில் வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் புது முட்டை ஒன்றை எடுத்து நல்ல தண்ணீரில் போடுங்கள், மூழ்கும். கடல்நீரிலும் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள். முட்டை எழும். 25 டிகிரித் தண்ணீரில் முட்டையின் பத்தில் ஒரு பங்கு வெளியே தெரியும். முட்டை லிட்டருக்கு 1.08 கிலோ என்று கொண்டு ஏன் பத்தில் ஒரு பங்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். காற்று அடங்கிய வேளையில் பாத்தியின் மேல் மெல்லிய உப்பேடு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு லிட்டருக்கு 2.16 கிலோ, மூழ்கத்தான் வேண்டும். அதைத் தாங்குவது மிதப்பு விசை அல்ல, தண்ணீரின் பரப்பு இழுவிசை. விரலால் தட்டினால் விழுந்துவிடும். எது தாங்குகிறது என்று கேட்பவருக்கு மட்டுமே இந்த வேறுபாடு பிடிபடும்.

அளத்தில் இருக்கும் அதே ஹைட்ரோமீட்டர் துறைமுகத்திலும் வேலை செய்கிறது. எப்படி என்று சொல்லும் முன் துறைமுகத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நம் கரையோரம் ஆழம் குறைவு. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலத்தில் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், ஆளும் சரக்கும் சிறு கலங்களிலும் தோணிகளிலும் போய் வரும். கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்க எவ்வளவு ஆழம் அமிழ வேண்டுமோ, அவ்வளவு ஆழம் அன்று கரையருகே இல்லை. கப்பல் அமிழும் அந்த ஆழத்தைத்தான் செய்தித்தாள்களில் மிதவை ஆழம் என்று எழுதுகிறார்கள். ஆழ்கடல் துறைமுகம் கட்டப்பட்டு, 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின் கப்பல் கரைக்கே வந்தது. இன்று அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயர்.

அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல் வருகிறது. பல்லாயிரம் டன் நிலக்கரியை எந்தத் தராசில் நிறுப்பது? கப்பலையே தராசாக்கிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். கப்பலின் முன்புறம், நடு, பின்புறம், இரு பக்கமும் ஆக ஆறு இடங்களில் மீட்டர் அளவுகள் எழுதியிருக்கும். இறக்குவதற்கு முன்னும் பின்னும் அவற்றைப் படிப்பார்கள். நீர்மட்டத்தில் கப்பலின் பரப்பு 5,000 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் எழுந்தால் 50 கன மீட்டர் நீர் குறைவாக விலகுகிறது, அதாவது 51 டன் சரக்கு இறங்கியிருக்கிறது. 6 மீட்டர் எழுந்தால் ஏறக்குறைய 30,750 டன். (உண்மையில் பரப்பு ஆழத்துக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும், எரிபொருளையும் சமநிலைக்கு ஏற்றும் நீரையும் கழிக்க வேண்டும். அதற்கான அட்டவணைகள் கப்பலில் இருக்கும்.) அலையாடும் நீரில் ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் இரண்டு லாரி நிலக்கரி கணக்கில் காணாமல் போய்விடும். ஆகவே ஒரே பார்வையை நம்பாமல் பலமுறை படிக்கிறார்கள்.

துறைமுக நீரின் அடர்த்தியையும் அப்போதே ஹைட்ரோமீட்டரால் பார்க்க வேண்டும். மழை நீர் கலந்து லிட்டருக்கு 1.020 கிலோவாக இருக்கும் நீரை 1.025 என்று எடுத்துக்கொண்டால், 40,000 டன் எடையுள்ள கப்பலில் ஏறக்குறைய 195 டன் பிசகும். மூன்றாவது தசம இடத்தில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாக விடுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதே கப்பல் இங்கிருந்து கொல்கத்தாவுக்குப் போய் ஊக்ளி ஆற்றுக்குள் நுழைகிறது. நீரில் உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், கடலில் 39,024 கன மீட்டர் விலக்கிய கப்பல் ஆற்றில் 40,000 கன மீட்டர் விலக்க வேண்டும். மிச்சம் 976 கன மீட்டர், 5,000 சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். ஒரு மூட்டைகூட ஏற்றாமலே கப்பல் ஏறக்குறைய அரை முழம் கூடுதலாக அமிழ்கிறது. கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடும், அருகே ஏணிப்படி போன்ற சிறு கோடுகளும் வரைந்திருப்பதை அடுத்த முறை கவனியுங்கள். நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகளுக்கு எதிராக இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சால் போராடி, 1876இல் சட்டமாகக் கொண்டுவந்த குறியின் தொடர்ச்சி அவை. மிதத்தல் விதி சில கோடுகளாகி, முகம் தெரியாத எத்தனையோ மாலுமிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கை விட்டுச்செல்கிறேன். முதலில் சொன்ன தொட்டியில் இப்போது நல்ல தண்ணீர். படகில் கல்லுக்குப் பதில் ஒரு மூட்டை உப்பு. உப்பைத் தண்ணீரில் கொட்டிக் கரைத்துவிடுகிறோம், தரையில் ஒன்றும் தங்கவில்லை. மட்டம் ஏறுமா, இறங்குமா? கரைந்த உப்பின் எடையை இப்போது எது தாங்குகிறது, அது கரைசலில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டது, கனத்துப்போன தண்ணீரில் படகு எவ்வளவு அமிழ்கிறது என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளவுக் குவளையில் பருமன் எவ்வளவு கூடுகிறது என்று உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே அளந்துகொள்ளலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்காலம் முடிந்து அளத்தில் வேலை தொடங்கியதும், இந்தப் பாடத்துக்கு ஒரு பாதி நாளை ஒதுக்கிப் பிள்ளைகளைப் பாத்திக்கு அழைத்துப் போங்கள். டிகிரி பார்க்கிறவர் கையிலிருந்து அந்தக் கருவியை வாங்கி, ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது தானே மிதக்கவிட்டுப் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்களில் ஒருவன்